புகையிலைக் கம்பனிகளின் அக ஆவணங்களும் பொதுச் சுகாதாரமும்

வரலாறு கற்போர் தமக்குக் கிடைக்கும் சான்றுகள் யாவற்றையும் ஒரே நிறையுடையனவாகக் கொள்வதில்லை. அரசன் ஒருவன் தன் வெற்றிகளைப் பலரும் காணுமாறு கல்லிற் பொறித்த மெய்க்கீர்த்தி ஒருவகைச் சான்று. அவனுடைய கணக்கன் பிறர் பார்வைக்கென எண்ணாது எழுதிவைத்த வரவு செலவு ஏடு மற்றொருவகைச் சான்று. உலகம் தன்னைப்பற்றி யாது எண்ணவேண்டுமென அரசன் விரும்பினான் என்பதை முன்னையது காட்டும். அவன் உண்மையில் யாது செய்தான் என்பதைப் பின்னையது காட்டும். இவ்விருவகைச் சான்றுகளும் ஒருங்கே கிடைத்து, அவற்றிடையே முரண்பாடும் காணப்படின், அம்முரண்பாடே ஆராய்ச்சியாளனுக்குப் பெருஞ் செல்வமாகும்.

அங்ஙனம் இருவகைச் சான்றுகளும் நிறையக் கிடைத்த துறையொன்று அண்மைக்கால வரலாற்றில் உண்டு. அது சிகரட் உற்பத்தித் தொழில். சிகரட் கம்பனிகள் அரை நூற்றாண்டுக் காலம் பொதுமக்களுக்குக் கூறிவந்தவை பத்திரிகைகளிற் பதிவாகியுள்ளன. அதே காலத்தில் அக்கம்பனிகளின் அதிபர்களும் விஞ்ஞானிகளும் சட்டத்தரணிகளும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், ஆய்வறிக்கைகள் ஆகியவை 1994ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவந்து, இன்று எவரும் படித்தற்குரியனவாய்த் திறந்து கிடக்கின்றன. இவ்வாவணங்கள் வெளிவந்த வரலாற்றையும், பொதுச் சுகாதாரத்தைப் பேணுவோர் அவற்றாற் பெற்ற பயனையும், அவற்றைப் படிப்போர் கைக்கொள்ளவேண்டிய நெறியையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பின்னணியை நோக்குவோம். 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் றிச்சர்ட் டோல், பிறட்போர்ட் ஹில் என்னும் இருவரும், ஐக்கிய அமெரிக்காவில் வைண்டர், கிரகாம் என்னும் இருவரும் தனித்தனியே ஆய்வு நடத்தி, சிகரட் புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பதை வெளியிட்டனர். 1953ஆம் ஆண்டில், சிகரட் புகையினின்று எடுத்த தாரைத் தோலிற் பூசியபோது எலிகளுக்குப் புற்றுநோய் தோன்றியமை அறிவிக்கப்பட்டது. இச்செய்திகள் பரவவே அமெரிக்கப் பெருங் கம்பனிகளின் தலைவர்கள் அவ்வாண்டு திசெம்பர் மாதத்தில் நியூ யோர்க் நகரத்துப் பிளாசா விடுதியிற் கூடினர். வணிகத்தில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட அவர்கள் இவ்விடயத்தில் ஒன்றுபட்டு, மக்கள் தொடர்புத் தாபனம் ஒன்றின் உதவியையும் நாடினர். 1954 யனவரி 4ஆம் நாள், சிகரட் புகைப்போருக்கு ஒளிவுமறைவின்றிக் கூறுவதாகத் தலைப்பிட்ட ஓர் அறிக்கை அமெரிக்காவின் நானூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமாக வெளிவந்தது. நோய்க்குக் காரணம் சிகரட்டே என்பதற்கு நிரூபணம் இல்லை என்றும், மக்களின் உடல்நலத்தைத் தாம் ஏனைய எல்லாவற்றிலும் மேலாக மதிப்பதாகவும், உண்மையைக் காண ஓர் ஆராய்ச்சிக் குழுவை நிறுவுவதாகவும் கம்பனிகள் அதிற் கூறின.

அவ்வறிக்கை சிகரட் நன்மை பயப்பதெனக் கூறவில்லை என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். முடிவு இன்னும் தெரியவில்லை என்ற அளவிலேயே அது நின்றது. புகைப்பவனொருவன் தன் பழக்கத்தைக் கைவிடாதிருத்தற்கு அவ்வளவே போதுமானது. நாளை வைத்தியர்கள் ஒருமுடிபுக்கு வரட்டும், அதன்பின் விட்டுவிடுவோம் என அவன் தன்னைத் தேற்றிக்கொள்வான். அரசாங்கமும் அவ்வாறே தன்னைத் தேற்றிக்கொள்ளும்.

இனி, அகத்தே நிகழ்ந்ததை நோக்குவோம். 1958ஆம் ஆண்டில் பிரித்தானியப் புகையிலைக் கைத்தொழிலைச் சேர்ந்த விஞ்ஞானிகள் மூவர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே இத்துறையில் ஈடுபட்ட அறிஞர் பலரைக் கண்டு திரும்பினர். தாம் சந்தித்தோருள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் யாவரும், புகைத்தலாற் சுவாசப்பைப் புற்றுநோய் உண்டாகின்றது என்பதை ஏற்றுக்கொண்டனர் என அவர்கள் தம் அறிக்கையில் எழுதினர். பிறிட்டிஷ் அமெரிக்கன் ருபாக்கோ என்னும் கம்பனியின் 1957ஆம் ஆண்டு ஆவணமொன்றிற் புற்றுநோய் என்ற சொல்லே தவிர்க்கப்பட்டு, அதற்குப் பதிலாக மென்காற்று எனப் பொருள்படும் 'செபிர்' என்ற குழூஉக்குறி வழங்கப்பட்டுள்ளது. அக்கம்பனியின் அமெரிக்கக் கிளையாக அன்று விளங்கிய பிறவுண் அன்ட் வில்லியம்சன் கம்பனியின் தலைமைச் சட்ட ஆலோசகர் அடிசன் யேமன், 1963 யூலை மாதத்தில் எழுதிய குறிப்பொன்றில், நிக்கொற்றீன் மனிதரை அடிமைப்படுத்தும் பொருள் என்றும், தம் தொழில் அப்பொருளை விற்பதே என்றும் தெளிவாக எழுதியுள்ளார். அதே கம்பனியின் 1969ஆம் ஆண்டுக் குறிப்பொன்று, பொதுமக்களின் உள்ளத்திற் பதிந்துள்ள உண்மைகளோடு போட்டியிடுதற்குச் சிறந்த வழி ஐயத்தை விளைவித்தலே என்றும், எனவே தாம் உற்பத்தி செய்யும் பண்டம் ஐயமே என்றும் கூறுகின்றது.

இவையெல்லாம் அகத்தே எழுதப்பட்டிருக்க, 1994 ஏப்பிரில் 14ஆம் நாள் அமெரிக்கக் கம்பனிகள் ஏழின் தலைவர்கள் அந்நாட்டுச் சட்டசபைக் குழுவொன்றின் முன் தோன்றிச் சத்தியஞ் செய்து, நிக்கொற்றீன் அடிமைப்படுத்தும் பொருளெனத் தாம் நம்பவில்லை என ஒருவர்பின் ஒருவராகக் கூறினர். யேமனின் குறிப்பு எழுதப்பட்டு அப்பொழுது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

அதன்பின் ஒரு மாதஞ் செல்வதற்குள் நிலைமை மாறிற்று. 1994 மே 12ஆம் நாள், கலிபோர்ணியாச் சர்வகலாசாலையின் சன் பிரான்சிஸ்கோக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த ஸ்டான்டன் கிளான்ட்ஸ் என்பாருக்குப் பெட்டியொன்று வந்து சேர்ந்தது. அனுப்பியவர் தம் இயற்பெயரைக் கூறவில்லை. பெட்டியினுள் பிறவுண் அன்ட் வில்லியம்சன் கம்பனியின் அக ஆவணங்கள் ஏறக்குறைய 4,000 பக்கங்கள் இருந்தன. பேராசிரியர் அவற்றைச் சர்வகலாசாலை நூல்நிலையத்தில் வைத்தார். அவை திருடப்பட்டவை, ஆதலாற் றிருப்பித் தரல்வேண்டும் எனக் கம்பனி வழக்குத் தொடுத்தது. நூல்நிலையத்துக்கு வந்துபோவோரை நோட்டமிட ஆட்களையும் அமர்த்திற்று. ஆனால் நீதிமன்றங்கள் கம்பனியின் வேண்டுகோளை மறுத்தன. 1995 யூலை 1ஆம் நாள் அவ்வாவணங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டன. அதே மாதத்தில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் அவற்றைப்பற்றிய ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவந்தன.

பெட்டியில் வந்தவை ஒரு துளியே. வெள்ளம் மினெசோட்டா மாநிலத்து வழக்கினின்று புறப்பட்டது. அம்மாநிலத்தின் சட்டமா அதிபர் மூன்றாம் ஹியூபேட் ஹம்பிறி, மருத்துவக் காப்புறுதித் தாபனமொன்றுடன் சேர்ந்து 1994ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். புகைத்தலால் நோயுற்றோரைப் பராமரிக்க மாநிலம் செலவிட்ட பணத்தைக் கம்பனிகள் ஈடுசெய்யவேண்டும் என்பது வழக்கு. புகைத்தவனே தன் தவறுக்குப் பொறுப்பாளி என்னும் பழைய எதிர்வாதம் இங்கே வலியிழந்தது, மாநிலம் புகைக்கவில்லையன்றோ! வாதியின் சட்டத்தரணிகள் பணத்தைப் பெறுவதோடு அமையாது, கம்பனிகளின் கோவைகளை வெளிக்கொணர்வதிலும் உறுதியாய் நின்றனர். கம்பனிகள் கோடிக்கணக்கான பக்கங்களைக் குவியலாக ஒப்படைத்தன. அக்குவியலுள் வேண்டியதைக் காண்டல் அரிதாதலின், கம்பனிகளின் சட்டத்தரணிகள் தம் சொந்த உபயோகத்துக்கென ஆக்கிவைத்திருந்த அட்டவணைகளையும் தரவேண்டுமென நீதிபதி கட்டளையிட்டார். சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியம் என்ற பெயரால் மறைத்து வைக்கப்பட்ட ஏறக்குறைய 39,000 ஆவணங்கள், அமெரிக்க உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தபின் 1998ஆம் ஆண்டில் வெளிப்பட்டன.

1998 மே 8ஆம் நாள் அவ்வழக்கு இணக்கமாக முடிந்தது. கம்பனிகள் 600 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்த உடன்பட்டன. அதனினும் பெரும்பேறு, ஆவணங்கள் யாவும் மினெசோட்டாவிலும் இங்கிலாந்திலுள்ள கில்போர்ட் நகரிலுமாக இரு களஞ்சியங்களில் வைக்கப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படல் வேண்டும் என்ற நிபந்தனையாகும். அவ்வாண்டு நவெம்பர் மாதத்தில் 46 மாநிலங்களோடு செய்யப்பட்ட பேருடன்படிக்கை, கம்பனிகள் தம் ஆவணங்களை இணையத்திலும் இடவேண்டுமென விதித்தது. 1954ஆம் ஆண்டு அறிக்கையில் வாக்களிக்கப்பட்ட ஆராய்ச்சிக் குழுவின் வழிவந்த தாபனமும் அவ்வாண்டின் உடன்படிக்கைகளாற் கலைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் கலிபோர்ணியாச் சர்வகலாசாலை இவ்வாவணங்களை ஒன்றுசேர்த்து இணைய நூல்நிலையமொன்றை நிறுவிற்று. இன்று அதன்கண் ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள. அவற்றைப் படிக்கக் கட்டணமில்லை, அனுமதியும் வேண்டுவதில்லை.

இவ்வாவணங்களாற் பொதுச் சுகாதாரம் பெற்ற பயன் யாது என்பது அடுத்த வினா. புகைத்தல் தீது என்பதை அறிய இவை வேண்டப்பட்டில. வைத்தியர்கள் அதனை முன்னரே நிறுவியிருந்தனர். ஆயின், வைத்தியர் கூற்றுக்கு எதிராகப் பலகாலம் எழுந்த குரல்கள் எங்கிருந்து எழுந்தன, யார் கொடுத்த கூலிக்கு எழுந்தன என்பதை இவையே காட்டின. இரண்டு எடுத்துக்காட்டுக்களால் இதனை விளக்குவோம்.

1981ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் ஹிராயாமா என்பார், புகைக்கும் பழக்கமில்லாத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் அவதானித்த ஆய்வின் முடிபுகளை வெளியிட்டார். கணவன் மிகுதியாகப் புகைக்குமிடத்து, புகைக்காத மனைவிக்கும் சுவாசப்பைப் புற்றுநோய் உண்டாகும் ஆபத்து மிகுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. புகைப்பவன் தன்னையே கெடுத்துக்கொள்கிறான், பிறர்க்கென்ன என்னும் வாதத்தை அது வேரோடு சாய்த்தது. கம்பனிகளின் சார்பில், அவ்வாய்வின் கணக்கு முறையிற் பிழையுண்டு என்ற செய்தி பத்திரிகைகளிற் பரப்பப்பட்டது. ஆனால் அதே 1981ஆம் ஆண்டில் பிறவுண் அன்ட் வில்லியம்சன் கம்பனியின் சட்டப் பகுதியில் எழுதப்பட்ட குறிப்பொன்று, ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் புகையிலைத் தொழிலின் சார்பில் அவ்வாய்வைப் பரிசீலித்த விஞ்ஞானிகளே ஹிராயாமாவின் முடிபு சரியானது எனவும், அதனைக் கண்டித்தோர் கூற்றே பிழையானது எனவும் கண்டனர் என்பதை வெளிப்படுத்துகின்றது. பின்னர்க் கம்பனிகள் யப்பானிலேயே எதிராய்வொன்றை நடத்தப் பணம் உதவின. அவற்றின் சட்டத்தரணிகள் அதனை வழிநடத்தினர். 1995ஆம் ஆண்டில் அது வெளியானபோது அவர்கள் பங்கு எவ்வளவினது என்பதை வாசகர் அறிந்திலர். 2002ஆம் ஆண்டில் அக ஆவணங்களைக் கொண்டே ஆராய்ச்சியாளர் அதனை வெளிப்படுத்தினர்.

மற்றையது உலக சுகாதாரத் தாபனத்தைப் பற்றியது. ஆவணங்களிலே தன் பெயர் பலவிடத்தும் வருதலைக் கண்ட அத்தாபனம், 1999ஆம் ஆண்டில் அறிஞர் குழுவொன்றை நியமித்து அவற்றை ஆராயச்செய்தது. சுவிற்சர்லாந்தின் சுகாதாரப் பணிப்பாளர் தோமஸ் செல்ட்னர் தலைமைதாங்கிய அக்குழு 2000 யூலையில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. கம்பனிகள் பல்லாண்டுகளாகத் திட்டமிட்டு, அத்தாபனத்தின் புகையிலைத் தடுப்பு முயற்சிகளைக் கெடுக்க முயன்றன என்பது அதன் தீர்ப்பு. ஆலோசகராயும் நண்பராயும் வந்த சிலர் கம்பனிகளிடம் பொருள்பெற்றவராயிருந்தமையும் வெளியாயிற்று. இவ்வறிவு வீண்போகவில்லை. 2003 மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2005ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சர்வதேச உடன்படிக்கையின் 5.3ஆம் உறுப்புரை, சுகாதாரக் கொள்கைகளை வகுக்கும்போது அவற்றைப் புகையிலைத் தொழிலின் சுயநலத்தினின்று காத்தல் வேண்டுமென அரசுகளைக் கட்டுப்படுத்துகின்றது. ஒரு தொழிலைக் கொள்கை வகுக்கும் மேசையினின்று விலக்கிவைக்கும் இவ்விதி, அத்தொழிலின் சொந்தக் கோவைகள் திறக்கப்படாதிருப்பின் எழுந்திருக்குமோ என்பது ஐயமே.

நீதிமன்றங்களிலும் இவை பயன்பட்டன. அமெரிக்க மத்திய அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006 ஓகஸ்ட் 17ஆம் நாள் 1,600க்கு மேற்பட்ட பக்கங்களில் தீர்ப்பெழுதி, கம்பனிகள் பொதுமக்களைப் பல்லாண்டுகள் ஏமாற்றின என முடிவு கூறினார். அவர் கட்டளையிட்ட திருத்தக் கூற்றுக்களைக் கம்பனிகள் 2017 நவெம்பரிலிருந்து பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வெளியிடவேண்டியதாயிற்று. 1954ஆம் ஆண்டில் முழுப்பக்க விளம்பரத்தில் மறுத்ததனை 63 ஆண்டுகளின் பின் விளம்பரஞ் செய்தே ஒப்பவேண்டியதாயிற்று.

இத்துணைப் பயனுடைய சான்றாயினும், இதனைப் படித்தற்கு நெறி உண்டு. காட்சி, கருதல், உரை என அளவை நூலார் வகுத்தவற்றுள் இவை உரையின்பாற் படுவன. உரையை ஏற்குமுன் உரைத்தோன் யாவன், அதனால் அவனுக்கு வரும் ஆதாயம் யாது என வினவுதல் முறை. தனக்கே கேடாவதை ஒருவன் எழுதிவைப்பின் அதற்கு வலிமை மிகும். யேமனின் குறிப்பு அத்தகையது. ஆலோசகனொருவன் கூலிபெறும் பொருட்டு, இன்ன மந்திரியைத் தன்னால் வசப்படுத்த முடியும் என எழுதியிருப்பின் அஃது அவன் பெருமைப் பேச்சாகவும் இருத்தல் கூடும். திட்டம் வேறு, நிறைவேற்றம் வேறு. திட்டத்தைக் கண்டவன், அதற்கு அனுமதி வழங்கிய கடிதத்தையும், பணம் கொடுத்த கணக்கையும், பின்னெழுந்த அறிக்கையையும் தேடல்வேண்டும். அக்காலத்துப் பத்திரிகைகளோடும் சட்டசபைப் பதிவுகளோடும் ஒப்பிடல்வேண்டும்.

தேடுதற்கும் முறையுண்டு. வழக்கின்போது ஒவ்வொரு பக்கத்திலும் பேற்ஸ் எண் எனப்படும் தொடரிலக்கம் பொறிக்கப்பட்டது. ஓர் ஆவணம் கிடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இலக்கங்களைப் பார்த்தல் வேண்டும். ஒரே கோவையிலிருந்தவை பெரும்பாலும் அடுத்தடுத்தே கிடக்கும். ஓர் ஆவணத்திற் காணும் பெயரும் குழூஉக்குறியும் அடுத்த ஆவணத்துக்கு வழிகாட்டும்.

இவற்றினும் முக்கியமானது, இல்லாதவற்றைப்பற்றிய எச்சரிக்கை. வழக்குகளிற் கேட்கப்பட்டவை மாத்திரமே வெளிவந்தன. வாய்மொழியாக நிகழ்ந்தவை ஏட்டிலே இல்லை. அழிக்கப்பட்டவையும் உள: அவுஸ்திரேலியாவின் விக்டோறியா மாநிலத்தில் 2002ஆம் ஆண்டு நீதிபதியொருவர், ஆவணங்களை அழித்தமை காரணமாகக் கம்பனியொன்றின் எதிர்வாதத்தையே தள்ளிவிட்டார், அத்தீர்ப்பு அவ்வாண்டிலேயே மேன்முறையீட்டில் மாற்றப்பட்டது. ஆகவே, ஓர் ஆவணம் காணப்படாமையை ஒரு செயல் நிகழாமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. நிகழ்ந்து மறைக்கப்பட்டதென ஊகித்தலும் ஆகாது. தன் கருத்துக்கு மாறான ஆவணம் கிடைப்பின் அதனையும் மறையாது கூறல் ஆராய்ச்சியாளன் கடன். தமக்கு ஒவ்வாத சான்றை மறைத்தோரைக் குற்றங் கூறப் புகுபவன் தானும் அதனைச் செய்யலாமோ?

இவ்விடயம் தூர தேசத்தாரின் வழக்கு என நாம் ஒதுக்கிவிட இயலாது. இலங்கையிற் சிகரட் உற்பத்தி செய்யும் இலங்கைப் புகையிலைக் கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு எண்பது வீதத்துக்கு மேற்பட்டவை பிறிட்டிஷ் அமெரிக்கன் ருபாக்கோ நிறுவனத்துக்குரியன. கில்போர்ட் களஞ்சியத்தில் வைக்கப்பட்டவை அந்நிறுவனத்தின் கோவைகளே. அது பல நாடுகளிலுமுள்ள தன் கிளைகளோடு நடத்திய கடிதப் போக்குவரத்தும் அவற்றுள் அடங்கும். இலங்கை 2003 நவெம்பரிற் சர்வதேச உடன்படிக்கையை உறுதிசெய்து, 2006ஆம் ஆண்டில் 27ஆம் இலக்கச் சட்டத்தால் மதுசாரம், புகையிலை ஆகியவற்றுக்கான தேசிய அதிகாரசபையை நிறுவிற்று. சிகரட் பெட்டியின் நூற்றுக்கு 80 வீதத்தில் எச்சரிக்கைப் படம் இருத்தல் வேண்டும் என்ற 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை எதிர்த்துக் கம்பனி வழக்காடியது. 2014ஆம் ஆண்டில் அவ்வளவு 60 வீதமாகக் குறைந்தது. 2015ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை மீண்டும் நிலைநாட்டிற்று. இத்தகைய பூசல்கள் இனியும் எழும். வரி உயர்த்தப்படும்போதும், புதுவகை நிக்கொற்றீன் பண்டங்கள் வரும்போதும், இருபக்கமும் நியாயம் உண்டு என்னும் குரல் கேட்கும். அக்குரலுக்குரியவர் யார் என உசாவிய பின்னரே அதற்கு மதிப்பளித்தல் தகும்.

நம் கல்லூரிகளில் வரலாறு, விஞ்ஞானம், ஆங்கிலம், அளவையியல் என வெவ்வேறாகக் கற்பிக்கப்படுவன யாவும் ஒன்றுகூடும் இடமாக இவ்வாவணத் தொகுதி அமைந்துள்ளது. உயர்தர வகுப்பு மாணவனொருவன் ஆசிரியர் வழிகாட்ட, ஒரே ஆண்டைச் சேர்ந்த விளம்பரமொன்றையும் அகக் குறிப்பொன்றையும் எடுத்து அருகருகே வைத்துப் படிப்பானாயின், ஐயம் என்பது இருவகைத்து என்பதை அவன் கண்டுகொள்வான். உண்மையைத் தேடுவோன் கொள்ளும் ஐயம் ஒன்று. அது மேலும் ஆராயத் தூண்டும். உண்மையை அறிந்தும் அதனை மறைக்க விரும்புவோன் விற்கும் ஐயம் மற்றொன்று. அது ஆராய்ச்சியை முடிவில்லாது தள்ளிப்போடும். இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் சிகரட் பெட்டியோடு நின்றுவிடுவதன்று. அதனை மாணவர்க்கு ஊட்டுதல் ஆசிரியர் கடனாகும்.